நாற்காலி நோட்டு

ஐ.சி.எஃப். பக்கத்துச் சின்னக் கோவிலின்
பின்னறைச் சாவி என் இடுப்பில்.
உள்ளே எழுபத்திரண்டு பிளாஸ்டிக் நாற்காலி,
மூன்றுக்குக் கால் ஆட்டம்.
ஓர் அண்டா, இரண்டு தாம்பாளம்,
ஜோடியை யாரோ திருப்பித் தராததால்
ஒற்றையாய் நிற்கும் சாம்பார்க் கரண்டி.

கேட்பவர்க்குக் கொடுத்துக் குறித்துக்கொள்வது என் வேலை.
எண்ணிக்கை போதும், காரணம் எதற்கம்மா என்பார் ஐயர்.
காரணம் எழுதாமல் எனக்குக் கை ஓடாது.

"முப்பது. பாக்கியமுத்து வீட்டில் ஞானஸ்நான விருந்து."
"எட்டு. தங்கபுஷ்பத்துக்கு முழங்கால் ஆபரேஷன்,
பார்க்க வருகிறவர்கள் உட்கார."
"நாற்பது. ஸ்டான்லியிலிருந்து உடல் வர இரவாகும்."

சாவுக்குப் போய் வந்த நாற்காலியை
மறுநாள் நிச்சயதார்த்தத்துக்கு அனுப்புமுன்
ஆரம்பத்தில் சோப்புப் போட்டுக் கழுவுவேன்.
ஒரு மே மாதம் தண்ணீர் லாரி நான்கு நாள் வரவில்லை.
அப்படியே அனுப்பினேன்.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அழுகிற வீட்டுக்குப் போக எனக்கு நன்றாக வரும்.
பிளாஸ்கில் காபி, கைப்பையில் கைக்குட்டை,
யார் யாருக்குப் போன் போக வேண்டும் என்ற பட்டியல்.
கீழ்ப்பாக்கம் கல்லறையில் எந்த வரிசையில் நிழல் விழும்
என்றுகூடத் தெரியும்.
என்னைப் பற்றி நல்லபடிதான் பேசிக்கொள்வார்கள்.

சிரிக்கிற வீடுதான் கஷ்டம்.

ஜெபக்கனியின் மகனுக்குத் தரமணியில் வேலை கிடைத்த வாரம்
என் மகன் குரூப் ஃபோரில் நான்காம் முறையாகத் தோற்று
மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தான்.
ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு அறுபது கேட்டாள்.
அறுபது எண்ணி அனுப்பினேன்,
ஆடுகிற மூன்றையும் சேர்த்து.

கடைசி ஆளாய்ப் போனேன்.
இருந்தது ஒரே ஒரு காலி நாற்காலி, அதில் ஒன்று.
மெதுவாய்க் குனிந்து உட்காரப் போகையில்
ஜெபக்கனி வந்து தன்னுடையதை என் பக்கம் தள்ளிவிட்டு
ஆடுவதை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.
பாட்டு முடியும்வரை
ஒரு காலைத் தரையில் அழுத்தி ஊன்றியே இருந்தாள்.
கேசரியை விழுங்க எனக்குத் தண்ணீர் தேவைப்பட்டது.
நோட்டில் இது இல்லை.

பிறகு, ஹவுசிங் போர்டு பி பிளாக்.
தரைத்தளத்தில் கிறிஸ்டில்டாவின் புருஷன்
பாடி மேம்பாலத்தில் பைக்கோடு போய்விட்டான்.
அதே வாரம், அதே படிக்கட்டில், மூன்றாம் மாடியில்
ரூபிக்குப் பதினொரு வருஷம் கழித்துப் பெண் குழந்தை.

மேலே யாரும் மிட்டாய் டப்பாவைத் திறக்கவில்லை.
தொட்டிலுக்கு மணி கட்டவில்லை.
குழந்தை வாயைத் திறந்தால்
ஜன்னலைச் சாத்தினார்கள்.
படியேறுகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.
என்ன மரியாதை அது, எனக்கே அப்போது நல்லதாய்ப் பட்டது.

ஒன்பதாம் நாள் ராத்திரி
கிறிஸ்டில்டா படியேறினாள், கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து.
ரூபி கதவைத் திறந்து பேச்சு வராமல் நின்றாள்.
நான் கஞ்சிப் பாத்திரத்தோடு பின்னால்.

"ஜன்னலைத் திற ரூபி.
கீழே எனக்கு அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சு.
கொஞ்ச நேரம் இது அழட்டும், நான் கேக்குறேன்."

திறந்தார்கள்.
குழந்தை வீல் என்று கத்தியது,
ஐ.சி.எஃப். ஷிப்ட் சங்கைவிட உரக்க.
ரூபி அழுதாள். கிறிஸ்டில்டா சிரித்தாள்,
இல்லை, தலைகீழாகவோ,
எனக்கு இப்போது நிச்சயமில்லை.
யாரோ டப்பாவைத் திறந்தார்கள். பால்கோவா, லேசாய்ப் புளித்திருந்தது.
எல்லோரும் தின்றோம்.

அன்றிலிருந்து தினம் ஏறுகிறாள்.
அந்த வீட்டில் கட்டிலைத் தவிர உட்கார இடமில்லை.
நோட்டில் என் கையெழுத்து:
"ஒன்று, நல்லது. பி பிளாக், மூன்றாம் மாடி.
கிறிஸ்டில்டா உட்கார."

திரும்பிய தேதிக் கட்டம் காலி.
இரண்டு வருஷக் கணக்கு முடித்தாயிற்று,
ஐயர் கேட்டார்.
எழுபத்தொன்றுதான் என்றேன்.